ஃபெஸ் நகரத்துப் புதினாக் கொத்து

வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்ப்பதும், உரையைத் துணைக்கொண்டு ஒரு நூலைப் படிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். உரையாசிரியர் நல்லவராக வாய்த்தால் நூல் விளங்கும். மற்றவிதமாக வாய்த்துவிட்டால் உரை மட்டும் ஞாபகத்திலிருக்கும். நூல் எங்கேயோ மறைந்து போகும். இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சரித்திர பாடம் நடத்தி வருகிற எனக்கு, நான் எந்த வகையைச் சேர்ந்த உரையாசிரியன் என்ற சந்தேகம் அவ்வப்போது தோன்றுவதுண்டு. சென்ற டிசம்பர் விடுமுறையில், ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள மொராக்கோ தேசத்தில், ஃபெஸ் என்னும் புராதன நகரத்தில், அந்தச் சந்தேகம் ஒருவாறு தீர்ந்தது. தீர்ந்த விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நேயர்களிடம் மறைப்பதற்கில்லை.

என் மைத்துனர் காஸாபிளாங்காவில் உத்தியோகம் பார்க்கிறார். “அக்காளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வந்து போங்கள், அத்தான்” என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்ததும், தமக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி, எங்கள் இருவரையும் ஃபெஸ் நகரத்துக்கு ரயிலேற்றிவிட்டார். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். “கொடி பிடித்துக்கொண்டு போகிறவன் பின்னால் நாற்பது பேரோடு ஓட வேண்டாம். உங்கள் இருவருக்கு மட்டுமாக ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருக்கிறேன். அரசாங்க அநுமதி பெற்றவர். தெருவில் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டிகளிடம் மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள்” என்று எச்சரிக்கையும் செய்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழிகாட்டி வந்து சேர்ந்தார். அறுபது வயது மதிக்கலாம். கணுக்கால் வரை தொங்கும் ஜெல்லாபா என்னும் அங்கி, கழுத்தில் அரசாங்க அடையாளச் சீட்டு, நிதானமான இங்கிலீஷ். என் தொழில் இன்னதென்று தெரிந்துகொண்ட கணம் முதல் என்னை ‘உஸ்தாத்’ என்றே அழைத்தார். ஆசிரியர் என்பது அதன் பொருள். என் மனைவியை ‘லல்லா’ என்றார். அந்நாட்டில் மரியாதைக்குரிய பெண்மணியை அப்படித்தான் அழைப்பார்களாம். நாங்கள் அவரை ‘ஸிதி’ என்றோம். நம் ‘ஐயா’வுக்குச் சமானம்.

“உஸ்தாத், முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்” என்று தொடங்கினார். “நான் உங்களை ஒரு கடைக்கு அழைத்துச் சென்று, நீங்கள் அங்கே கம்பளமோ விளக்கோ வாங்கினால், கடைக்காரர் எனக்குக் கமிஷன் தருவார். இது எங்கள் ஊர் வழக்கம். வாங்குவதற்கு விருப்பமுண்டானால் சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். நமக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.”

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவரை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. “ஒன்றும் வேண்டாம்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “ஒரு ஜோடி செருப்பு மட்டும்” என்றாள் என் மனைவி. அவ்விதமே ஒப்பந்தமாயிற்று.

பழைய நகரத்தின் மேற்கு வாயிலுக்குப் பாப் பூ ஜெலூத் என்று பெயர். மூன்று வளைவுகள், வெளிப்புறமெல்லாம் நீல ஓடு, உட்புறமெல்லாம் பச்சை ஓடு. “எத்தனை நூற்றாண்டுப் பழமை!” என்று நான் வியந்தேன். வழிகாட்டி புன்னகை செய்தார். “இது 1913-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டியது, உஸ்தாத். எல்லோரும் முதலில் இதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்” என்றார்.

அவர் சொன்ன வருஷம் என்னைச் சிந்திக்கச் செய்தது. அதற்கு முந்திய வருஷம், 1912 மார்ச் 30-ந் தேதி, இதே நகரத்திலேதான் மொராக்கோவின் சுல்தான் பிரான்ஸின் பாதுகாப்பை ஏற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அந்தக் காலத்து ராஜதந்திர அகராதியில் என்ன அர்த்தம் என்பது நமக்குத் தெரியாததல்ல. அடுத்த மாதமே நகரம் கொதித்தெழுந்தது. கலகத்தைப் பீரங்கியால் அடக்கினார்கள்; பின்னர் தலைநகரையும் ரபாத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சு அதிகாரி லியோத்தே பழைய நகரத்தை இடிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு, அதற்கு வெளியே தம்மவருக்கென்று விசாலமான புதிய நகரம் நிர்மாணித்தார். பழைமை காப்பாற்றப்பட்டது மெய்தான். ஆனால் காலப்போக்கில் பணம் படைத்த குடும்பங்கள் பழைய நகரத்தை விட்டு வெளியேறின. பெரிய மாளிகைகளில் பல ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாகக் குடியேறின. 1956-ல் தேசம் சுதந்திரம் பெற்ற பின்னும் அந்த நிலை மாறுவதற்கு வெகுகாலமாயிற்று. 1981-ல் ஐக்கிய நாட்டு ஸ்தாபனமான யுனெஸ்கோ இந்நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

வாயிலைக் கடந்ததும் தெரு கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டு கையையும் நீட்டினால் இருபுறத்துச் சுவரையும் தொடக்கூடிய சந்துகள். அவற்றிலிருந்து பிரியும் குறுஞ்சந்துகள். அவற்றில் பாதி, ஏதோ ஒரு வீட்டுக் கதவோடு முடிந்துவிடும் முட்டுச் சந்துகள். மோட்டார் வண்டி நுழைய இடமில்லை. சாமான் எல்லாம் கழுதை மீதும் கோவேறு கழுதை மீதும் கைவண்டியிலும் போகின்றன. “பாலக்! பாலக்!” என்று பின்னாலிருந்து கூவுவார்கள். ‘வழி, வழி’ என்று அர்த்தம். அந்தக் கூவல் கேட்டவுடன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் அரை மணியில் என் மனைவி அதைக் கற்றுக்கொண்டாள். எனக்கு இரண்டு முறை மூட்டை இடித்த பிறகுதான் வந்தது.

நகரம் பிறந்த கதையை நடந்துகொண்டே சொன்னார். 789-ல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஊர் அமைத்தார். 809-ல் அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் மற்றோர் ஊர் அமைத்தார். ஸ்பெயின் தேசத்துக் கோர்தோவாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் ஒரு கரையிலும், துனீஷியாவின் கைரவானிலிருந்து வந்த குடும்பங்கள் மறு கரையிலும் குடியேறின. இரண்டு ஊரையும் ஒரே மதிலுக்குள் சேர்த்தது பதினோராம் நூற்றாண்டில்தான். “அகதிகள் கட்டிய ஊர் இது, உஸ்தாத். வந்தவர்கள் தங்கள் தங்கள் தொழிலைக் கையோடு கொண்டுவந்தார்கள்” என்றார் ஸிதி.

பூ இனானியா என்னும் பழைய கலாசாலைக்குள் அழைத்துச் சென்றார். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் சுல்தான் அபூ இனான் கட்டியது. இடுப்பளவுக்கு வர்ண ஓடு. அதற்கு மேல் சுண்ணச் சாந்தில் செதுக்கிய கொடியும் எழுத்தும். அதற்கும் மேலே தேவதாரு மரத்தில் சித்திர வேலை. வெறும் இடம் என்று உள்ளங்கையளவு கூட இல்லை. எதிர்ப்புறத்துச் சுவரில் 1357-ல் அமைத்த நீர்க் கடிகாரத்தின் மிச்சம் இருக்கிறது. ஜன்னல்கள் உண்டு, கருவி போய்விட்டது. அது எப்படி ஓடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் எனக்குக் கூலி உண்டு” என்றார் வழிகாட்டி. வகுப்பில் நான் அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிஞ்சின.

பிறகு, நான் முக்கியமாகக் காண வந்த இடத்தை அடைந்தோம். அதுதான் கரவிய்யீன். கைரவானிலிருந்து வந்த வியாபாரி ஒருவரின் மகள் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி, தமக்குக் கிடைத்த பிதுரார்ஜிதத்தைச் செலவிட்டு, 859-ல் இந்த மசூதியை நிறுவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தொழுகைக் கூடமே கல்விக் கூடமாக வளர்ந்தது. இன்றுவரை இடையறாமல் நடந்துவரும் கலாசாலைகளில் உலகத்திலேயே மூத்தது இதுவே என்று பலரும் சொல்லுகிறார்கள். 1963-ல் இதை அரசாங்க சர்வகலாசாலைகளோடு சேர்த்தார்கள்.

ஆனால் முஸ்லிம் அல்லாதார் உள்ளே போகலாகாது. திறந்திருந்த கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். வெண்மையான முற்றமும், நடுவிலே நீரூற்றும், அதற்கப்பால் வரிசை வரிசையாக வளைவுகளும் தெரிந்தன. ஐரோப்பியர் மசூதிகளில் நுழையலாகாதென்று முதலில் உத்தரவிட்டவர், இதே லியோத்தேதான் என்பதையும் வழிகாட்டி சொன்னார். ஜனங்களின் மனம் புண்பட்டால் ஆட்சிக்கு ஆபத்து என்று அவர் அறிந்திருந்தார்.

“அந்தக் கதவு ஒருவகையில் அவர்களுக்கே பாதகமாயிற்று” என்று சொல்லி ஸிதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். 1930 மே மாதத்தில் பிரெஞ்சு நிர்வாகம், பெர்பர் ஜனங்களை நியாய ஸ்தல விஷயத்தில் மற்றவரிடமிருந்து பிரித்துவைக்கும் ஒரு சட்டத்தை வெளியிட்டது. பிரித்து ஆளும் வித்தையை நாமும் அநுபவித்தவர்கள் அல்லவா? பெருந்துன்ப காலத்தில் ஓதும் பிரார்த்தனையை மசூதிகளில் எல்லோரும் சேர்ந்து ஓதுவதே அதற்கு ஜனங்கள் அளித்த பதிலாயிற்று. இந்தக் கரவிய்யீனிலும் அந்தக் குரல் எழுந்தது. இங்கே படித்த அலால் அல் ஃபாஸி பின்னால் சுதந்திர இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1937 முதல் 1946 வரை கபோன் நாட்டில் சிறைவாசம் போன்ற வனவாசம் அநுபவித்தார்.

“என் பாட்டனாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வேலையை நிறுத்தி, கால் கழுவிக்கொண்டு ஓடிவந்தாராம். படித்தவரல்லர். தோல் பதனிடுகிறவர். என் தகப்பனாருக்கும் அதே தொழில்தான்” என்றார் ஸிதி.

‘அப்படியா’ என்று சொல்லிவிட்டு நான் நூல்நிலையத்தைப் பற்றி விசாரித்தேன்.

அது பக்கத்திலேதான், ஸஃப்பாரீன் என்னும் சிறு சதுக்கத்தில் இருக்கிறது. செப்புப் பாத்திரம் அடிக்கும் சுத்தியல் சப்தம் அங்கே ஓயாமல் ஒலிக்கிறது. இப்ன் கல்தூன் என்ற சரித்திர மேதை தம் நூலின் பிரதி ஒன்றை 1396-ல் இந்த நிலையத்துக்கு அளித்தார். அது இன்றும் இங்கே பாதுகாப்பாக இருக்கிறது. கட்டடத்தைப் பழுது பார்த்து 2016-ல் மீண்டும் திறந்தார்கள். அந்த வேலையை நடத்திய அஜீஸா ஷவூனி என்ற கட்டடக் கலைஞர் இதே ஊரில் பிறந்த பெண்மணி. ஒரு பெண் தொடங்கியதை ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பின் ஒரு பெண் செப்பனிட்டாள் என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஆசிரியனாகப் பிறந்தவனுக்கு இதைவிட வேறு க்ஷேத்திரம் உண்டா என்று நினைத்தேன்.

அங்கிருந்து சில நிமிஷ நடைதான். முதலில் நாற்றம் வந்தது. அதற்கு எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் தோல் பதனிடும் சாலைகள் உள்ள ஊர் ஒன்றில் நான் உத்தியோகம் பார்க்கிறேன். எங்கள் ஜனங்கள் அவற்றைத் ‘தோல் ஷாப்பு’ என்பார்கள். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காகத் தினந்தோறும் கால் மைல் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன் நான்.

ஷுவாரா என்னும் அந்தத் தோல் பட்டறையைச் சுற்றி வீடுகள். அவற்றின் மாடிகள் தோல் சாமான் விற்கும் கடைகளுக்குச் சொந்தம். கடை வழியாகத்தான் மேலே ஏறவேண்டும். படி ஏறும் இடத்தில் ஒரு பையன் ஆளுக்கு ஒரு புதினாக் கொத்துக் கொடுத்தான். மூக்கருகே வைத்துக்கொள்ள வேண்டியது. மேலே போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே பார்த்தோம்.

தேன்கூட்டின் அறைகளைப் போல் நெருக்கமாகக் கல் தொட்டிகள். ஒரு பக்கத்துத் தொட்டிகள் வெள்ளை. மறுபக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பழுப்பு. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்திருக்கின்றன. மாடு, ஆடு, ஒட்டகம் ஆகியவற்றின் தோலை அவற்றில் நாட்கணக்காக ஊறவைத்தால் மயிர் கழன்று தோல் மிருதுவாகும். பிறகு சாயம். நீலத்துக்கு அவுரியும் செம்மஞ்சளுக்கு மருதாணியும் பழைய முறை. தொட்டிகளுக்குள் தொடையளவு ஆழத்தில் மனிதர்கள் நின்று தோலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைச் சுற்றிலும் பல தேசத்தார் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன்.

“புதினா மாடியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், உஸ்தாத்” என்றார் வழிகாட்டி. கோபமாகச் சொல்லவில்லை, நீர்க் கடிகாரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார். பிறகு, “சற்று முன் நூல்நிலையத்தின் சுவரைத் தொட்டுக் கும்பிடுவது போல் நின்றீர்கள். அந்தப் புஸ்தகங்களுக்கு மேலட்டை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தோல் இல்லாவிட்டால் ஏடுகள் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்குமா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இங்கிலீஷ் நூல்களில் உயர்ந்த கட்டடத்துக்கு ‘மொராக்கோ’ என்றே பெயர் என்பதை நான் அறிவேன். கல்லூரி நாட்களில் அத்தகைய தோல் கட்டிய அகராதி ஒன்றைத் தடவிப் பார்த்து மகிழ்ந்ததுண்டு. ஆனால் அந்த மாடியில் என் நினைவுக்கு வந்தது அகராதியன்று, ஒரு பையன்.

எட்டு வருஷத்துக்கு முன் என் வகுப்பில் படித்தவன். விடியற்காலையில் தகப்பனாரோடு ஷாப்பில் வேலை செய்துவிட்டு வருவான். குளித்துவிட்டுத்தான் வருவான், ஆயினும் அந்த வாடை போகாது. பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுத்தார்கள். நான் யாரையும் கண்டிக்கவில்லை. “நீ கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்கார், தம்பி. காற்று வரும்” என்றேன். அதைத் தயை என்றே எண்ணியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அவன் நின்றுவிட்டான். படிப்பை நிறுத்தும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்ப்பது என் வழக்கம். அவன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்த வீட்டுக்கு ஷாப்புத் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.

கடல் கடந்து, ஆள் அமர்த்தி, எந்தத் தெருவை என் ஊரில் நான் மிதிக்கவில்லையோ அந்தத் தெருவைக் கூலி கொடுத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது விளங்கிற்று. புதினாவைப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் கீழே நின்றவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது தெரிந்ததுதான். இறங்கும்போது என் மனைவி மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். விலையைப் பாதியாகக் கேட்க வேண்டும் என்று மைத்துனர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கேட்கவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாப்புத் தெருவுக்குப் போனேன். அந்தப் பையனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். “ஸார், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்? நாற்றமடிக்குமே!” என்றான். “எல்லாவற்றையும் காட்டு” என்றேன். சுண்ணாம்புக் குழி முதல் உலர்த்தும் கொட்டகை வரையில் அழைத்துச் சென்று காட்டினான். தன் பாட்டனார் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டார்கள் என்றும், இப்போது வேறு பட்டைச் சத்தும் இரசாயனங்களும் போடுகிறார்கள் என்றும், கழிவு நீரால் கிணறுகள் எப்படிக் கெட்டன என்றும் ஒரு மணி நேரம் பேசினான். என் வகுப்பில் ஒரு வருஷத்தில் அவன் அவ்வளவு பேசியதில்லை.

விடைபெறும்போது, தனியாகப் பரீட்சை எழுதுகிறாயா, நான் பாடம் சொல்லித் தருகிறேன் என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “எனக்கு வேண்டாம் ஸார். என் தங்கை உங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள்” என்றான்.

நேயர்களில் யாரேனும் ஃபெஸ் நகரத்துக்குப் போவதானால், அவசியம் ஒரு நல்ல வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். துணையின்றிப் போனால் சந்துகளில் வழி தவறிவிடும். அன்றியும், நாம் பார்க்க விரும்பாததைக் காட்டுவதற்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் இப்போது நடு வரிசையில் உட்காருகிறாள். முதல் வாரத்தில் பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகள் எழுந்து இடம் மாறப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் அவர்களைக் கண்டித்தேன்.